தகாயாசு தமனி அழற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமனிகளின் சுவரில் அழற்சியை உண்டாக்கும் நோய்கள் பல உண்டு. அவற்றில் இந்தியா உட்பட ஆசிய நாடுகளின் இளம் பெண்களிடம் அதிகம் காணப்படும் தகாயாசு நோயைப் பற்றித்தான் இந்தப் பக்கம் பெரும்பாலும் பேசுகிறது. அதற்கு உறவான மூன்று நோய்களைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது. மருந்தின் அளவுகள் புரிதலுக்காக மட்டும். உங்களுக்கு எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

தமனிக்குள் என்னதான் நடக்கிறது?

தமனிச் சுவரில் மூன்று அடுக்குகள். பெரிய தமனிகளின் வெளி அடுக்கில், அந்தச் சுவருக்கே ரத்தம் கொடுக்கும் நுண்ணிய குழாய்கள் ஓடுகின்றன. தகாயாசு நோயில் உடலின் நோய் எதிர்ப்பு அணுக்கள் அந்த வழியாகச் சுவருக்குள் புகுந்து நடு அடுக்கைத் தாக்குகின்றன. சுவர் வீங்கித் தடிக்கிறது. மாதங்கள் போகப் போக அந்த இடம் தழும்பாகி இறுகுகிறது. குழாயின் உள்வழி குறுகி, சிலருக்கு முழுக்க அடைபட்டுவிடும். இன்னும் சிலருக்குச் சுவர் பலமிழந்து புடைத்துக்கொள்ளும்.

பாதிக்கப்படுவது மகாதமனியும் அதிலிருந்து பிரியும் பெரிய கிளைகளும். கைக்குப் போகும் சப்கிளேவியன், கழுத்து வழியே மூளைக்குப் போகும் கரோட்டிட், சிறுநீரகத் தமனி, குடலுக்குப் போகும் தமனி ஆகியவை முக்கியமானவை. சிலருக்கு நுரையீரல் தமனியும், இதயத்துக்கே ரத்தம் தரும் தமனிகளின் வாயும் பாதிக்கப்படும்.

மாரடைப்புக்காரர்களுக்குக் கொழுப்பு அடைக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது உள் அடுக்கில் கொழுப்பு படிந்து, பொதுவாக நடுவயதுக்கு மேல் வருவது. இதில் பெரும்பாலும் கொலஸ்டிரால் சரியாக இருக்கும், சர்க்கரை இருக்காது, வயதும் குறைவாக இருக்கும். ஆனால் வருடக்கணக்கில் அழற்சியும் அதை அடக்கக் கொடுக்கும் ஸ்டெராய்டும் சேர்ந்தால் கொழுப்பு அடைப்பும் சீக்கிரம் வரலாம். அதனால் கொலஸ்டிராலை மறந்துவிட முடியாது.

யார் இந்தத் தகாயாசு?

மிகிட்டோ தகாயாசு, ஜப்பானின் கனசாவா நகரில் இருந்த கண் மருத்துவர். ரத்தக்குழாய் நோய்க்குக் கண் மருத்துவர் பெயரா என்று தோன்றும். 1908-இல் ஜப்பானியக் கண் மருத்துவர்களின் மாநாட்டில், 21 வயதுப் பெண் ஒருவரின் விழித்திரையைப் பற்றி அவர் பேசினார். பார்வை நரம்பைச் சுற்றி ரத்தக்குழாய்கள் வளையமாகப் பின்னிக் கிடந்தன. அதே கூட்டத்தில் ஒனிஷி, ககோஷிமா என்ற இரு மருத்துவர்கள், தாங்கள் பார்த்த இதேபோன்ற நோயாளிகளுக்கு மணிக்கட்டில் நாடியே கிடைக்கவில்லை என்றார்கள். கண்ணில் தெரிந்த மாற்றத்துக்குக் காரணம் கழுத்துத் தமனி அடைப்பு. ரத்தம் போதாமல் தவித்த விழித்திரை புதுக் குழாய்களை வளர்த்துக்கொண்டிருந்தது. இப்போது நோயை அந்த அளவுக்கு முற்ற விடுவதில்லை என்பதால், அவர் கண்ட வளையத்தை மருத்துவர்கள் பார்ப்பது அபூர்வம்.

யாருக்கு வரும்?

பெரும்பாலும் 15 முதல் 40 வயதுக்குள், பெண்களுக்கு. ஜப்பானில் பத்து நோயாளிகளில் எட்டு, ஒன்பது பேர் பெண்கள். இந்தியாவில் ஆண்களின் பங்கு அதைவிடக் கணிசமாக அதிகம். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கும் வருகிறது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஜப்பானியர்களுக்குக் கழுத்து, கைத் தமனிகள் அதிகம் பாதிக்கப்படுகின்றன. இந்தியர்களுக்கு வயிற்றுப் பகுதி மகாதமனியும் சிறுநீரகத் தமனிகளும் பாதிக்கப்படுவது அதிகம். இதனால்தான் நம் ஊரில் இந்த நோய் உயர் ரத்த அழுத்தமாக வந்து நிற்கிறது. சிறுநீரகத்துக்கு ரத்தம் குறைந்தால், உடம்பு முழுவதும் ரத்தம் போதவில்லை என்று அது முடிவு செய்து பிரஷரை ஏற்றிவிடுகிறது. இந்தியாவில் இளம் வயதினருக்குச் சிறுநீரகத் தமனி சுருங்கிப் பிரஷர் வருவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று தகாயாசு.

காரணம் என்ன? காசநோயால் வருகிறது என்கிறார்களே?

முழுக் காரணம் தெரியவில்லை. எச்.எல்.ஏ-பி52 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம். ஆனால் அந்த வகை இருக்கும் பெரும்பாலானோருக்கு இந்த நோய் வருவதே இல்லை. ஆக, வேறு ஏதோ ஒன்று அதைத் தூண்ட வேண்டும்.

அந்த 'வேறு ஏதோ' காசநோய்க் கிருமியாக இருக்கலாம் என்ற சந்தேகம் பழையது. காசநோய் மிகுந்த நாடுகளில் தகாயாசு நோயாளிகளுக்குத் தோலில் செய்யும் மாண்டூ சோதனை பாசிட்டிவாக வருவது சகஜம். ஆனால் கிருமிதான் தமனியைத் தாக்குகிறது என்று நிரூபிக்கப்படவில்லை. காசநோய் மருந்து கொடுத்தால் தகாயாசு அடங்குவதும் இல்லை. உடலில் எங்காவது உண்மையிலேயே காசநோய் இருந்தால் அந்த மருந்து வேண்டும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஆறு மாதம் போடுவதில் பயனில்லை. அதற்குள் தமனி இன்னும் கொஞ்சம் இறுகியிருக்கும்.

தொற்றுமா? என் பிள்ளைகளுக்கும் வருமா?

தொற்றாது. ஒரே குடும்பத்தில் இருவருக்கு வருவது மிக அரிது.

ஆரம்ப அறிகுறிகள் எப்படி இருக்கும்?

இங்கேதான் சிக்கல். முதல் கட்டத்தில் லேசான காய்ச்சல், அசதி, எடை குறைவு, மூட்டு வலி, இரவில் வியர்வை. இதை வைத்துக்கொண்டு எந்த மருத்துவரும் தகாயாசு என்று நினைக்க மாட்டார், நினைக்கவும் முடியாது. ரத்தச்சோகை, வைரல் காய்ச்சல், பரீட்சை டென்ஷன் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சூட்டிக்கொண்டே மாதங்கள் ஓடும். சிலருக்குக் கழுத்தின் பக்கவாட்டில் தொட்டால் வலிக்கும். டான்சில் என்று ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். கரோட்டிட் தமனி இருக்கும் இடத்தில் வலி என்றால் இந்த நோயை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது.

தமனி சுருங்கிய பிறகு வருபவை கொஞ்சம் தெளிவானவை. துணி துவைக்கும்போது, கையைத் தூக்கித் தலை பின்னும்போது, தோசை மாவைக் கரைக்கும்போது ஒரு கை மட்டும் சீக்கிரம் ஓய்ந்து வலிக்கும். நிறுத்தினால் சரியாகிவிடும். நடந்தால் கால் வலி. எழுந்து நின்றால் கண் இருட்டு, மயக்கம். சாப்பிட்ட பின் வயிற்று வலி. பிறகு பிரஷர், அதனால் தலைவலி, மூச்சிரைப்பு. எதுவுமே தெரியாமல் இருந்து பக்கவாதத்திலோ இதயச் செயலிழப்பிலோ கண்டுபிடிக்கப்படுபவர்களும் உண்டு.

என் மகளுக்கு 22 வயது. பிரஷர் 180-ஐத் தொடுகிறது. டென்ஷன்தான் காரணமா?

அப்படிச் சொல்லி அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இந்த வயதில் 180 என்றால், வேறு காரணம் இல்லை என்று உறுதியாகும் வரை காரணம் தேட வேண்டும். சிறுநீரக நோய், ஹார்மோன் கோளாறு, பிறவியிலேயே மகாதமனி சுருங்கியிருப்பது, தகாயாசு எல்லாமே பட்டியலில் இருக்கின்றன.

முதல் படிக்குச் செலவே கிடையாது. இரண்டு கையிலும் பிரஷர் பாருங்கள் என்று கேளுங்கள். இரண்டு மணிக்கட்டிலும் நாடி பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு காலிலும் பிரஷர் பார்த்தால் இன்னும் நல்லது. கூட்டம் நிரம்பிய ஓ.பி.யில் எல்லோருக்கும் ஒரு கையில்தான் பட்டை கட்டுவார்கள், அதைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் தகாயாசு தப்பிப்போவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். இரண்டாவது கைக்கு ஆகும் இரண்டு நிமிடம், பிற்பாடு ஆகப்போகும் எத்தனையோ ஸ்கேன்களைவிட மதிப்புள்ளது என்பது என் கருத்து.

இரண்டு கைக்கும் எவ்வளவு வித்தியாசம் இருந்தால் சந்தேகப்படலாம்?

மேல் அளவில் 10-க்குள் வித்தியாசம் ஆரோக்கியமானவர்களுக்கும் இருக்கும். 20 அல்லது அதற்கு மேல், அதுவும் திரும்பத் திரும்ப அப்படியே இருந்தால், கவனிக்க வேண்டும். 2022-இல் அமெரிக்க, ஐரோப்பிய ருமட்டாலஜி (மூட்டு, ரத்தக்குழாய் அழற்சி நோய்களின் துறை) அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வகைப்பாட்டு விதிகளிலும் இந்த 20 இருக்கிறது. முன்பு 1990-இன் விதிகளில் 10 என்று இருந்தது. அப்போது நோய் தொடங்கும் வயது 40-க்குள் இருக்க வேண்டும் என்றார்கள். இப்போது கண்டறியும் வயது 60 வரை ஏற்கப்படுகிறது. இந்த விதிகள் ஆய்வுகளுக்காக நோயாளிகளைப் பிரிக்க உருவானவை. ஒருவர் விதிக்குள் வரவில்லை என்பதால் அவருக்கு நோய் இல்லை என்று ஆகிவிடாது.

மருத்துவர் வேறென்ன பார்ப்பார்?

கழுத்து, காறை எலும்புக்கு மேல், வயிறு, முதுகு ஆகிய இடங்களில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பார். சுருங்கிய தமனியில் ரத்தம் பாயும்போது ஒரு உஸ் சத்தம் வரும். இதய வால்வு கசிகிறதா என்று எக்கோ எடுப்பார்கள். மகாதமனி விரிந்தால் அதன் வால்வு சரியாக மூடாது. விழித்திரையையும் பார்ப்பார்கள்.

எந்த ஸ்கேன் எடுக்க வேண்டும்?

டாப்ளர் அல்ட்ராசவுண்டில் கழுத்துத் தமனிகள் நன்றாகத் தெரியும். விலையும் குறைவு, கதிர்வீச்சும் இல்லை. சுவர் சுற்றிலும் ஒரே சீராகத் தடித்திருந்தால், அனுபவமுள்ளவருக்கு அதுவே பெரிய துப்பு. ஆனால் மார்புக்குள் இருக்கும் மகாதமனி அதில் சரியாகத் தெரியாது.

முழு வரைபடம் வேண்டுமென்றால் சி.டி. ஆஞ்சியோ அல்லது எம்.ஆர். ஆஞ்சியோ. சி.டி. வேகமானது, தெளிவானது. ஆனால் கதிர்வீச்சு உண்டு, சிறுநீரகம் பழுதாயிருந்தால் அதில் போடும் சாயமும் பிரச்சினை. எம்.ஆரில் கதிர்வீச்சு இல்லை, சுவரில் வீக்கம் இருக்கிறதா என்றும் ஓரளவு சொல்லும். பல வருடம் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டிய இளம் பெண்ணுக்கு, வசதி இருக்கும் இடத்தில், எம்.ஆர்தான் பொருத்தம்.

பெட்-சி.டி. என்பது அழற்சி எங்கே கனன்றுகொண்டிருக்கிறது என்று காட்டும். காரணம் தெரியாமல் நீடிக்கும் காய்ச்சலில் எடுத்தபோது, மகாதமனிச் சுவர் முழுக்க ஒளிர்ந்து நோய் வெளிப்பட்ட சந்தர்ப்பங்கள் உண்டு. விலை அதிகம், எல்லோருக்கும் தேவையில்லை. ஸ்டெராய்டு தொடங்கிச் சில நாட்களிலேயே அந்த ஒளிர்வு மங்கத் தொடங்கும் என்பதால், எடுப்பதென்றால் முன்னதாகவே எடுப்பது நல்லது. குழாய் செலுத்தி எடுக்கும் பழைய ஆஞ்சியோகிராம் இப்போது பெரும்பாலும் ஸ்டென்ட் போன்ற சிகிச்சையோடு சேர்த்துத்தான்.

பயாப்ஸி ஏன் எடுப்பதில்லை?

மகாதமனியில் துண்டு வெட்டி எடுக்க முடியாதே! வேறு காரணத்துக்காக அறுவை சிகிச்சை நடந்தால் அப்போது கிடைக்கும் துண்டைப் பார்ப்பார்கள்.

இ.எஸ்.ஆர், சி.ஆர்.பி. நார்மல் என்று வந்துவிட்டது. நோய் அடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

முடியாது. இந்த நோயில் நோயாளிகளை அதிகம் ஏமாற்றுவது, உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இந்த இரண்டு ரத்தப் பரிசோதனை எண்கள்தான்.

அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனம் 60 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 1994-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நோய் அடங்கிவிட்டது என்று கருதி பைபாஸ் செய்யப்பட்டவர்களின் தமனித் துண்டுகளை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஏறக்குறைய பத்தில் நான்கில் அழற்சி இன்னும் இருந்தது. ரத்தப் பரிசோதனையில் எதுவும் தெரியாத நிலையிலேயே சுவருக்குள் நோய் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது.

நேர்மாறும் நடக்கும். சளி, பல் சீழ், சிறுநீர்த் தொற்று எது வந்தாலும் சி.ஆர்.பி. ஏறும். அதற்காக ஸ்டெராய்டைக் கூட்டினால் தவறு. ஆகவே புதிதாக ஏதாவது நாடி குறைந்ததா, புதுச் சத்தம் கேட்கிறதா, ஸ்கேனில் புது இடம் பாதிக்கப்பட்டதா, ரத்தப் பரிசோதனை என்ன சொல்கிறது என எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவெடுப்பார்கள். இதை மதிப்பெண்ணாக ஆக்கியது இந்திய மருத்துவர்கள். 'இட்டாஸ் 2010' என்ற அளவுகோலை வேலூர் சி.எம்.சி., லக்னோ சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ நிறுவனம் உள்ளிட்ட இடங்களின் ருமட்டாலஜி மருத்துவர்கள் சேர்ந்து உருவாக்கினார்கள். வெளிநாட்டு ஆய்வுகளிலும் அதைப் பயன்படுத்துகிறார்கள். உங்கள் கோப்பில் 'இட்டாஸ்' என்று எழுதி ஒரு எண் இருந்தால், அது இதுதான். முந்தைய வருகைக்குப் பிறகு புதிதாக வந்ததையோ மோசமானதையோ மட்டும்தான் அதில் கணக்கிடுவார்கள்.

ஸ்டெராய்டு இல்லாமல் சிகிச்சை கிடையாதா?

நோய் செயலில் இருக்கும்போது, கிடையாது என்றே சொல்லலாம். வேகமாக அழற்சியை அடக்க அதைவிட்டால் வேறில்லை. வழக்கமாக ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டெராய்டை நாளுக்கு 40 முதல் 60 மி.கி. வரை தொடங்கி, இரண்டு மூன்று மாதங்களில் 15 அல்லது 20-க்கும், ஓராண்டில் 10-க்குள்ளும் கொண்டுவரப் பார்ப்பார்கள்.

முகம் உப்பும், பசி எடுக்கும், தூக்கம் குறையும், பரு வரும். இளம் பெண்களுக்கு இது பெரிய மனவலி; 'உயிர் முக்கியமா முகம் முக்கியமா' என்று வீட்டில் கடிந்துகொள்வது உதவாது. அளவு குறைந்ததும் முகம் பழைய நிலைக்கு வந்துவிடும் என்று சொல்வது உதவும், அது உண்மையும்கூட. வெளியே தெரியாத பாதிப்புகள்தான் கவனிக்க வேண்டியவை: சர்க்கரை, பிரஷர், எலும்பு மெலிவு, கண்புரை, தொற்றுகள். கால்சியமும் வைட்டமின் டி-யும் சேர்த்துக் கொடுப்பது அதனால்தான்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். சில வாரங்களுக்கு மேல் சாப்பிட்ட ஸ்டெராய்டைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். உடம்பு தன் சொந்த ஸ்டெராய்டைச் சுரப்பதை அதற்குள் குறைத்திருக்கும். திடீரென நிறுத்தினால் வாந்தி, மயக்கம், பிரஷர் வீழ்ச்சி என்று உயிருக்கே ஆபத்தாகலாம். ஊருக்குப் போகும்போது மாத்திரையை மறந்துவிட்டால், அங்கே உள்ள கடையில் சீட்டைக் காட்டி வாங்கிவிடுங்கள்.

மெத்தோட்ரெக்சேட் எதற்கு? அது கேன்சர் மருந்தாச்சே?

கேன்சருக்கு அதைவிடப் பல மடங்கு கொடுப்பார்கள். இங்கே வாரத்துக்கு 15 முதல் 25 மி.கி. அளவில், ஸ்டெராய்டைக் குறைக்கத் துணையாக. ஸ்டெராய்டு மட்டும் கொடுத்துக் குறைக்கும்போது பாதிப் பேருக்கோ அதற்கு மேலோ நோய் திரும்புகிறது. அதனால்தான் தொடக்கத்திலேயே இரண்டாவது மருந்து சேர்க்கிறார்கள். மெத்தோட்ரெக்சேட் ஒத்துக்கொள்ளாவிட்டால் அசதயோப்ரின், மைக்கோஃபெனோலேட், லெஃப்ளுனோமைடு என்று வேறு வழிகள் உண்டு.

இது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடும் மருந்து. தவறுதலாகத் தினமும் சாப்பிட்டவர்களுக்கு வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து, உயிர் போனதும் உண்டு. ஒரு கிழமையைத் தேர்ந்தெடுத்து, காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள். கடைக்காரர் உறையில் 'தினம் 1' என்று எழுதிக் கொடுத்தால் திருத்தச் சொல்லுங்கள். வீட்டில் மருந்து எடுத்துக் கொடுப்பது யாரோ அவருக்கும் இது தெரிய வேண்டும். ஃபோலிக் அமில மாத்திரை வேறு நாட்களில். இடையிடையே ரத்த அணுக்களையும் கல்லீரலையும் பரிசோதிப்பார்கள்.

பயாலஜிக் ஊசி பற்றிச் சொல்லுங்கள்.

மேற்சொன்னவற்றுக்கு நோய் அடங்காதபோது. இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் ஆகியவை டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருளைத் தடுப்பவை. டோசிலிசுமாப், இன்டர்லூக்கின்-6 என்ற இன்னொரு அழற்சிப் பொருள் வேலை செய்வதைத் தடுக்கும். ஜப்பானில் 2017-இல் தகாயாசு நோய்க்கு டோசிலிசுமாப் அனுமதி பெற்றது. அமெரிக்க ருமட்டாலஜி அமைப்பின் 2021 வழிகாட்டுதல், தேவைப்படும்போது டி.என்.எஃப். தடுப்பானை முன்னே வைக்கிறது.

தொடங்கும் முன் உறங்கும் காசநோய் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். நம் நாட்டில் இது சடங்குக்குச் செய்யும் சோதனை அல்ல, டி.என்.எஃப். தடுப்பான் காசநோயை எழுப்பிவிடும். டோசிலிசுமாப் போடுபவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அது சி.ஆர்.பி. உற்பத்தியையே நிறுத்திவிடுகிறது. தமனியில் நோய் இருந்தாலும், நிமோனியாவே வந்தாலும், அந்த எண் சாதுவாகவே இருக்கலாம். காய்ச்சல் என்று வேறு மருத்துவரிடம் போனால் இந்த ஊசியைப் பற்றி முதலில் சொல்லுங்கள்.

அடைப்பு இருக்கிறது என்கிறார்களே, உடனே ஸ்டென்ட் வைத்துவிடலாமா?

அவசரம் இல்லாவிட்டால், முதலில் அழற்சி அடங்கட்டும். கனன்றுகொண்டிருக்கும் தமனியில் பலூனோ ஸ்டென்டோ வைத்தால் மறுபடி அடைத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். வைத்தியர் 'ஆறு மாதம் பொறுங்கள்' என்றால் தட்டிக்கழிக்கிறார் என்று நினைக்க வேண்டாம்.

இன்னொன்று, எல்லா அடைப்பையும் திறக்க வேண்டியதில்லை. கைக்குப் போகும் தமனி மெதுவாக அடைபடும்போது பக்கத்துச் சிறு குழாய்கள் விரிந்து ரத்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். மெயின் ரோட்டை மறித்தால் வண்டிகள் சந்துகள் வழியாக ஊர் போய்ச் சேருவதைப் போல. நாடி கிடைக்காத கையோடு பல வருடம் வேலை செய்து வாழ்பவர்கள் இருக்கிறார்கள். படத்தில் அடைப்பு தெரிகிறது என்பதற்காக மட்டும் அதைத் திறப்பது வீண் செலவு.

சிறுநீரகத் தமனி சுருங்கி மூன்று நான்கு மாத்திரைக்கும் பிரஷர் அடங்காதது, மூளைக்கு ரத்தம் போதாமல் அறிகுறி வருவது, இதயத் தமனி வாயில் அடைப்பு, மகாதமனி ஆபத்தான அளவுக்குப் புடைத்தது, வால்வு மோசமாகக் கசிவது: இவற்றுக்குச் செய்துதான் ஆக வேண்டும். சிறுநீரகத் தமனிக்கு முதலில் பலூன் மட்டும் போட்டுப் பார்ப்பது வழக்கம். நீளமான, இறுகிய அடைப்புகளுக்கு பைபாஸ் அதிக நாள் நிற்கும்.

வீட்டில் எந்தக் கையில் பிரஷர் பார்ப்பது?

அடைப்பு இல்லாத கையில். அடைப்புள்ள கையில் காட்டும் 110, பொய். அதே நேரம் மகாதமனிக்குள் 190 இருக்கலாம். எந்தக் கை என்று ஸ்கேனைப் பார்த்து மருத்துவரைச் சொல்லச் சொல்லி, கோப்பின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். இரண்டு கையும் அடைபட்டிருந்தால் காலில், அதற்கேற்ற அளவுப் பட்டையால். கால் தமனியும் கெட்டிருந்தால் வெளியிலிருந்து சரியான பிரஷரை அறியவே வழியில்லை. ஆஞ்சியோ செய்யும்போது உள்ளே நேராக அளந்து வைத்துக்கொள்வார்கள்.

மயக்க மருந்து கொடுப்பவர், அவசரப் பிரிவு மருத்துவர், பிரசவம் பார்ப்பவர் எல்லோருக்கும் இது தெரிய வேண்டும். கையில் பிரஷர் பதிவாகவில்லை என்பதை ஷாக் என்று எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே திணறும் இதயத்துக்கு பாட்டில் பாட்டிலாக டிரிப் ஏற்றிவிடக் கூடாது.

பிரஷர் மாத்திரையிலும் ஒரு எச்சரிக்கை. இரண்டு சிறுநீரகத் தமனிகளும் சுருங்கியிருந்தால் ராமிப்ரில், எனலாப்ரில், டெல்மிசார்டன், லோசார்டன் வகை மாத்திரைகள், சிறுநீரகம் சரியாக வேலை செய்யாததைக் காட்டும் கிரியாட்டினினை ஏற்றிவிடலாம். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறார் என்று வாங்கிவிட வேண்டாம்.

கல்யாணம், குழந்தை?

தாராளமாக. திட்டமிட்டுச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். குறைந்தது ஆறு மாதமாவது நோய் அடங்கியிருக்க வேண்டும், பிரஷர் கட்டுக்குள் இருக்க வேண்டும். மெத்தோட்ரெக்சேட், மைக்கோஃபெனோலேட், லெஃப்ளுனோமைடு மூன்றும் கருவைக் குலைக்கும் அல்லது குறையுண்டாக்கும். கருத்தரிக்கும் முன்பே நிறுத்தி மாற்ற வேண்டியவை. அசதயோப்ரினும் குறைந்த அளவு ப்ரெட்னிசோலோனும் தொடரலாம். நாள் தள்ளிப்போன பிறகு வந்து சொல்வதைவிட, கல்யாணம் நிச்சயமாகும்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது. கர்ப்ப காலத்தில் பெரிய பயம் பிரஷர்தான். மகப்பேறு மருத்துவர், ருமட்டாலஜி மருத்துவர், இதய மருத்துவர் மூவரும் இருக்கும் மருத்துவமனையில் பிரசவம் வைத்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை வீட்டில் மறைப்பது பற்றியும் கேட்கிறார்கள். மாத்திரையை ஒளித்துச் சாப்பிட வேண்டிய நிலை வந்தால் வேளை தப்பும். மருத்துவக் காரணம் ஒன்றே போதும், சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டில் என்ன கட்டுப்பாடு? நாட்டு மருந்து சேர்க்கலாமா?

இந்த நோய்க்கென்று தனி உணவு கிடையாது. பிரஷரும் ஸ்டெராய்டும் இருப்பதால் உப்பைக் குறையுங்கள்; ஊறுகாய், கருவாடு, அப்பளம் எப்போதாவது. இனிப்பையும் குறையுங்கள். புகையிலை எந்த வடிவத்திலும் வேண்டாம்.

நாட்டு மருந்து தமனி அழற்சியை அடக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பெயர் ஒட்டாத பொடிகளில் ஸ்டெராய்டு கலந்திருந்தது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. சிலவற்றில் பாதரசம், ஈயம் போன்றவை சிறுநீரகத்தைக் கெடுக்கும் அளவில். ஏற்கெனவே ரத்தம் குறைந்த சிறுநீரகத்துக்கு அது தாங்காது.

எந்த மருத்துவரைப் பார்ப்பது?

ருமட்டாலஜி மருத்துவரை. மூட்டு வலிக்குப் பார்ப்பவர்தானே என்று தயங்க வேண்டாம், ரத்தக்குழாய் அழற்சியும் அவர்கள் துறைதான். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் இதற்குத் தனித்துறை உண்டு. பழைய ஸ்கேன் படங்களை அறிக்கையோடு மட்டும் அல்லாமல் குறுந்தட்டாகவும் வாங்கி வையுங்கள். மூன்று வருடத்துக்கு முன் சுவர் எவ்வளவு தடித்திருந்தது என்று ஒப்பிட அதுதான் வேண்டும்.

முழுதாகக் குணமாகுமா?

சிலருக்கு ஒருமுறை வந்து தானே ஓய்ந்துவிடும். பெரும்பாலானோருக்கு அடங்குவதும் திரும்புவதுமாக நீளும். ஏற்கெனவே தழும்பான இடம் மருந்தால் பழையபடி ஆகாது. புது இடங்கள் கெடாமல் பார்ப்பதே மருந்தின் வேலை. பிரஷரும் வால்வும் இதயமும் கண்காணிப்பில் இருந்தால் படிப்பு, வேலை, குடும்பம் எதுவும் நிற்க வேண்டியதில்லை.

அறுபது வயதைத் தாண்டிய என் அப்பாவுக்கு நெற்றிப்பொட்டில் வலி. இதுவும் தமனி அழற்சியா?

இருக்கலாம். ஜெயன்ட் செல் தமனி அழற்சி என்பது 50 வயதுக்கு மேல் வருவது. வடக்கு ஐரோப்பியர்களிடம் அதிகம், நம்மிடம் அரிது. தலை சீவும்போது வலி, மெல்லும்போது தாடை ஓய்ந்து வலிப்பது, இ.எஸ்.ஆர். மிக அதிகம் என்றால் சந்தேகப்பட வேண்டும். இதில் பார்வை திடீரென்று போகும், போனால் பெரும்பாலும் திரும்பாது. அதனால் ஸ்டெராய்டை உடனே தொடங்கிவிட்டு, நெற்றிப்பொட்டுத் தமனியில் பயாப்ஸி எடுப்பார்கள். ஓரிரு வாரத்துக்குள் எடுத்தாலும் அழற்சியின் தடயம் தெரியும். காத்திருந்து கண்ணை இழக்கக் கூடாது.

பீடி குடிக்கும் மாமாவுக்குக் கால் விரல் கறுத்துவிட்டது. அது என்ன?

50 வயதுக்குள் இருந்து, சர்க்கரையும் இல்லையென்றால் பர்ஜர் நோயாக இருக்க வாய்ப்புண்டு. நியூயார்க் மருத்துவர் லியோ பர்ஜர் இதை விவரித்ததும் தகாயாசு பேசிய அதே 1908-இல்தான். கை, கால்களின் சிறு, நடுத்தரத் தமனிகளில் அழற்சியும் ரத்த உறைவும் சேர்ந்து அடைக்கும். இதற்கு ஸ்டெராய்டு பயன்படாது. புகையிலையை அடியோடு விட்டவர்களுக்குக் காலை வெட்டும் நிலை பெரும்பாலும் வருவதில்லை, விடாதவர்களுக்கு விரல், பாதம், முழங்கால் என்று வெட்டு மேலே ஏறும். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு என்று குறைப்பதும், பீடிக்குப் பதில் வாயில் புகையிலை அடக்குவதும் கணக்கில் சேராது.

குழந்தைகளுக்கு வரும் கவாசாகி?

பெரும்பாலும் ஐந்து வயதுக்குள். ஐந்து நாளோ அதற்கு மேலோ விடாத காய்ச்சல், இரண்டு கண்ணும் பீளை இல்லாமல் சிவப்பது, உதடு வெடித்துச் சிவப்பது, நாக்கு செக்கச்செவேல் என்று ஆவது, உடம்பில் தடிப்பு, கை கால் வீக்கம், கழுத்தில் நெறி கட்டுவது. ஜப்பானியக் குழந்தை மருத்துவர் தொமிசாகு கவாசாகி 1967-இல் இதைப் பதிவு செய்தார். சிகிச்சை இல்லாவிட்டால் நான்கில் ஒரு குழந்தைக்கு இதயத் தமனி புடைத்துக்கொள்ளும். காய்ச்சல் தொடங்கிப் பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற நோய் எதிர்ப்புப் புரதத்தை ஏற்றினால் அந்த ஆபத்து இருபதில் ஒன்று என்ற அளவுக்குக் குறைகிறது. ஆன்டிபயாடிக்குக்கு இறங்காத காய்ச்சலோடு இவை இருந்தால் ஆறாவது நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

தகாயாசு இருப்பவர் எப்போது நேரம் கடத்தாமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

ஒரு பக்கக் கை கால் தளர்வு, வாய் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு கண்ணில் பார்வை மங்குவது, நெஞ்சு வலி, படுக்க முடியாத மூச்சிரைப்பு, முதுகைக் கிழிப்பது போன்ற திடீர் வலி, பிரஷரோடு கடும் தலைவலியும் வாந்தியும், கை அல்லது கால் திடீரென்று சில்லிட்டு வெளுப்பது. 108-ஐ அழையுங்கள். எந்தக் கையில் பிரஷர் பார்க்க வேண்டும், என்ன மருந்து ஓடுகிறது, ஸ்டெராய்டு எவ்வளவு என்று எழுதிய ஒரு சீட்டைப் பர்சிலேயே வைத்திருங்கள். ஆம்புலன்ஸில் ஏறும்போது கோப்பைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.